யோகாசனத்துல பிளாக், பெல்ட், சுவரை எல்லாம் எந்த வரிசையில விடறதுங்க?

கீழ்பவானி (கோபி)

வணக்கமுங்க. காலைல மொட்டை மாடியில ஏழெட்டுப் பேர் ஒட்டுக்கா ஆசனம் பண்றோம். எல்லாருமே பி.கே.எஸ். ஐயங்கார் முறையில, அதாவது துணைப்பொருள் வெச்சுப் பழகினவங்க. ஆளுக்கு ரெண்டு பிளாக் (கைக்கடியில வைக்கற கட்டை), ஒரு பெல்ட், மடிச்ச சென்னிமலைப் போர்வை மூணு, சாஞ்சுக்கச் சுவர். இத்தனையும் இருந்தா ஆசனம் நல்லா வருதுங்க. ஒண்ணை எடுத்தாலும் கலைஞ்சு போகுது. இனி இதுகளைக் கொறைச்சுப் பழகலாம்னு இருக்கோம்.

திரிகோணாசனத்துல (காலை அகட்டி நின்னு பக்கவாட்டுல எறங்கறது) பிளாக் இல்லாம கையை எறக்கினா நெஞ்சு தரையைப் பாத்துத் திரும்பிக்குது. அர்த்த சந்திராசனம் (ஒத்தைக் கால்ல நின்னு, ஒரு கையை எறக்கி, இன்னொரு காலைப் பக்கவாட்டுல தூக்கறது) சுவத்தோரம் ஒரு நிமிசம் அசையாம நிக்குது, மாடி நடுவுல ரெண்டு மூச்சு தாங்க மாட்டேங்குது. தண்டாசனத்துல (காலை நீட்டி நிமிந்து உக்கார்றது) போர்வையை உருவினா குறுக்கு கூன் போட்டுக்குது. சுப்த பாதாங்குஷ்டாசனத்துல (மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கறது) பெல்ட்டைப் பிடிச்சிருந்தா கால் செங்குத்தா நிக்கும், விட்டா எறங்கிரும்.

இன்னொண்ணு, தரையில சாக்பீஸ் கோடு. முன்குதிகாலுக்கு நேரா பின்பாதத்து நடுவளைவு வரோணும்னு கோடு போட்டு அது மேல நிக்கறோம். கோடு இல்லாத எடத்துல நின்னா, "சரியா இருக்குதுங்களா?"ன்னு ஆளாளுக்கு அடுத்தவங்களைக் கேக்கறாங்க. தனக்குத்தானே தெரிஞ்சுக்க என்ன வழிங்க?

எதை முதல்ல எடுக்கறது, எந்த அறிகுறி வந்தா எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது? வெவரமாச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.


நொய்யல்கரை (கோவை)

ஏனுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொருள் உங்க உடம்புல என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. பிளாக்கோ பெல்ட்டோ சுவரோ, மூணுல ஒரு வேலையைத்தான் பாக்கும். எட்டாத எடத்துக்கு நீளம் குடுக்கும். இல்லாட்டி எடையைத் தாங்கும். இல்லாட்டி உடம்பு எங்க இருக்குதுன்னு சேதி சொல்லும். சேதி சொல்றதை முதல்ல எடுங்க. எடை தாங்கறதைப் படிப்படியா எடுங்க. நீளம் குடுக்கறது கடைசி, சில பேருக்கு அதை எடுக்கவே வேண்டாம். ஒரே பிளாக் ஒருத்தருக்கு நீளமா இருக்கும், பக்கத்துல நிக்கறவங்களுக்கு எடை தாங்கியா இருக்கும். அதனால குழு முழுக்க ஒரே நாள்ல ஒரே பொருளை எடுக்காதீங்க.

திரிகோணாசனத்துல இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்குதுங்க. ஆசனத்துல நின்னுட்டு, பிளாக் மேல இருக்கற கையை ரெண்டு விரக்கடை மேல தூக்குங்க. மூணு மூச்சு. உடம்பு இருந்த எடத்துலயே இருந்தா பிளாக் வெறும் நீளம்தான். உடம்பு எறங்கிருச்சுன்னா இத்தனை நாளும் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செஞ்சிருக்குது. எவ்வளவு எடைன்னு தெரியோணும்னா பிளாக்கை வீட்டு எடை மெஷின் மேல நட்டுக்க வெச்சு கையை ஊனுங்க, முள்ளே சொல்லிரும்.

இங்கதான் பெரும்பாலும் தப்பு நடக்குது. பிளாக்கைக் கொறைக்கறதுன்னா உயரத்தைக் கொறைக்கறதுன்னு நெனைச்சு நட்டுக்க வெச்ச 9 அங்குலத்துல இருந்து சாய்ச்சு 6, அப்புறம் படுக்க வெச்சு 4ன்னு எறக்கிட்டே போறாங்க. எறங்க எறங்கக் கையில எடை கூடும், நெஞ்சு தரைப்பக்கம் சுருளும். உயரத்தைத் தொடாதீங்க, எடையைக் கொறைங்க. முதல் நாள் மெஷின் காட்டினதுல பாதியாகற வரைக்கும் 9 அங்குலத்துலயே இருங்க. அப்புறம் உள்ளங்கையை எடுத்துட்டு அஞ்சு விரல் நுனி, அப்புறம் ரெண்டு விரல். அதுக்கப்புறம் பிளாக் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கை கெண்டைக்கால் பக்கத்துல சும்மா தொங்கட்டும்.

எடை கையை விட்டுப் போகோணும்னா கால் அதை வாங்கிக்கோணும். பின்பாதத்தோட வெளி ஓரத்தைத் தரையில அழுத்துங்க. முன்பாதத்துல பெருவிரல் மேடு மேல எழும்பாம பாத்துக்குங்க. மொழங்கால் சில்லை மேல இழுங்க. அப்புறம் ரெண்டு பாதத்தையும் நகத்தாம, ஒண்ணையொண்ணு பாத்து இழுக்கற மாதிரி தொடையோட உள்பக்கத்தைக் கூட்டுங்க. மேல்பக்கத்து விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவுல இருக்கற சதை வேலை செய்யறது அப்பத்தான் தெரியும். மொத தடவை அங்க நல்லாப் பிடிக்கும், பத்து வினாடி போதும்.

நெஞ்சு திரும்பறதுக்குக் காரணம் வேற. முன்கால் தொடையும் இடுப்பும் சேர்ற மடிப்புல மூணு விரலை வெச்சுட்டு எறங்குங்க. எறங்க எறங்க அந்த மடிப்பு விரலைக் கவ்வும். ஒரு கட்டத்துல கவ்வறது நின்னுரும், ஆனா உடம்பு இன்னும் எறங்கும். அந்த மிச்ச எறக்கம் முதுகெலும்பைச் சுருட்டி வர்றது. கவ்வறது எங்க நிக்குதோ அதுதான் உங்க திரிகோணாசனம், கை தொடை நடுவுல நின்னாலும் சரி. கால் அகலத்தை ஒரு பாத அளவு கொறைச்சுப் பாருங்க, பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிரும்.

அர்த்த சந்திராசனத்துல சுவரையும் பிளாக்கையும் ஒரே நாள்ல எடுத்திருப்பீங்க. சுவரை முதல்ல விடுங்க, கைக்கடியில இருக்கற 9 அங்குல பிளாக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். சுவத்துல சாஞ்சு நிக்கறப்ப, கணுக்கால் ஓயாம செய்யற சின்னச் சின்னத் திருத்தத்தைச் சுவர் வாங்கிக்குது. அதனாலதான் எத்தனை நாள் சாஞ்சு நின்னாலும் நடுமாடியில ஒண்ணும் வர்றதில்ல. நிக்கற பாதத்தைச் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, முதுகு சுவத்துல படக்கூடாது, பின்னால சாஞ்சா மட்டும் படட்டும். அது பழகினதும் திசையை மாத்தி, தூக்கின காலோட உள்ளங்காலைச் சுவத்துல வெச்சுத் தள்ளுங்க. அதுல இடுப்பு எந்த அளவுக்கு வேலை செய்யோணும்னு தெரிஞ்சுரும். அப்புறம் அந்தக் காலை விரக்கடை அளவு சுவத்தை விட்டு எடுங்க.

விழறதுக்கு ரெண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். பெருவிரல் மேடு எழும்பி எடை பாதத்தோட வெளி ஓரத்துக்குப் போனா பின்னால சாய்வீங்க. நிக்கற கால் மொழங்கால் உள்பக்கம் சுழண்டா முன்னால கவிழ்வீங்க, இது இடுப்போட வெளிப்பக்கச் சதை சோர்ந்திருக்கறதால வர்றது. பார்வையைத் தரையில ஒரே புள்ளியில வைங்க. நேர்ப்பார்வை அடுத்து, மேல பாக்கறது எல்லாத்துக்கும் கடைசி.

தண்டாசனத்துப் போர்வை நீளம் குடுக்கற வகை. தொடைப் பின்சதை நீளம் பத்தாம இடுப்பெலும்பைப் பின்னால இழுக்குது, போர்வை அதைத் தூக்கிக் குடுக்குது. உருவினா கூன் விழத்தான் செய்யும், அந்தக் கூனோட முன்னால குனிஞ்சா பாரம் முழுக்கக் குறுக்கெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டுகள் மேல எறங்கும். ஒரு மடிப்பை எடுக்கறப்ப அதுக்குப் பதிலா மொழங்காலை ஒரு சாண் மடக்கிக்குங்க. இடுப்பு நிமிந்ததும் குதிகாலைக் கொஞ்சங் கொஞ்சமா முன்னால தள்ளுங்க. குறுக்கு பின்னால போகப் பாக்கற எடத்துல நிறுத்துங்க. மொழங்கால் நீளலீன்னா பரவாயில்லீங்க.

பெல்ட் விசயம் இன்னும் தெளிவா இருக்குது. பெல்ட்டோட கால் 90 டிகிரி, விட்டா 65ன்னா, நடுவுல இருக்கற 25 டிகிரி சதை நீளும், ஆனா தாங்காது. பெல்ட்டை இழுத்து இழுத்து 100 ஆக்கினா அந்த இடைவெளி பெருசாகுமே ஒழியக் கொறையாது. 75ல பெல்ட்டை லூசா விட்டு அஞ்சு வினாடி காலைத் தானா நிறுத்துங்க, ஒரு பக்கத்துக்கு அஞ்சு தடவை. முன்தொடை பிடிச்சுக்கிச்சுன்னா வினாடியைக் கொறைங்க, உயரத்தை அல்ல.


காளிங்கராயன் (ஈரோடு)

பிசியோதெரபி பக்கத்துல இருந்து சாக்பீஸ் கோட்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

தொடை எலும்போட கழுத்து முன்பக்கம் எவ்வளவு திரும்பியிருக்குதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். பெரியவங்களுக்குச் சராசரி 15 டிகிரிக்குப் பக்கம், ஆனா ரெண்டு பக்கமும் நிறைய விலகல் உண்டு. எலும்போட இந்த அமைப்பு பெரியவங்களுக்கு எந்தப் பயிற்சியாலயும் மாறாது. இடுப்புக் குழி எந்தப் பக்கம் பாத்திருக்குதுங்கறதும் அப்படித்தான். அதனால ஒரே கோட்டுல எட்டுப் பேரை நிறுத்தினா, ரெண்டு பேருக்காச்சும் அந்தக் கோடு மொழங்காலைத்தான் முறுக்கும்.

உங்க இடுப்பு எந்த வகைன்னு பாக்க, குப்புறப் படுத்து ரெண்டு மொழங்காலையும் 90 டிகிரி மடக்கி, உள்ளங்காலை வானத்தைப் பாக்க வைங்க. மொழங்கால் ரெண்டும் ஒட்டி இருக்கட்டும். பாதங்களை வெளிப்பக்கம் விழ விடுங்க, எவ்வளவு தூரம் போகுதுன்னு கூட இருக்கறவங்க பாக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு காலா உள்பக்கம். வெளிப்பக்கம் நிறைய விழுந்து உள்பக்கம் கொஞ்சமாப் போனா, உங்க தொடைக்கு உள்சுழற்சி அதிகம். முன்பாதத்தை 90 டிகிரி திருப்பி நிக்கறதும் பத்மாசனமும் உங்களுக்குக் கஷ்டமா இருக்கறது அதனாலதான். முன்பாதத்தை 75லயோ 80லயோ வெச்சுக்குங்க, பின்பாதத்தை ஒரு பாத அகலம் பக்கவாட்டுல தள்ளிக்குங்க. குதிகாலுக்கு நேரா வளைவு வராது, வர வேண்டிய அவசியமும் இல்ல.

கோட்டுக்குப் பதிலா எதைப் பாக்கறதுன்னா, மொழங்கால் சில்லு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கமே ரெண்டாவது கால்விரல் பாக்கோணும். நிக்கற ஆசனம் எல்லாத்துக்கும் இது பொருந்தும். தாடாசனத்துல (நேரா நிக்கறது) பாதத்தோட வெளி ஓரம் ரெண்டும் இணையா இருக்கோணும்னு சொல்றாங்க. கெண்டைக்கால் எலும்பே வெளிப்பக்கம் திரும்பியிருக்கறவங்க அப்படி நின்னா சில்லு உள்பக்கம் பாக்கும். அவங்க பாதத்தை அஞ்சு, பத்து டிகிரி வெளியில திருப்பி நிக்கட்டும்.

அடுத்தது, "சரியா இருக்குதுங்களா?"ன்னு கேக்கறது. அசைவைக் கத்துக்கறதுல நல்லாத் தெரிஞ்ச விசயம் இது. ஒவ்வொரு தடவையும் வெளியில இருந்து திருத்தம் கெடைச்சா, அப்பப்பச் சரியா வரும். திருத்தறவங்க நின்னதும் போயிரும். கோடு, கண்ணாடி, பக்கத்துல நிக்கறவங்க எல்லாமே அந்த வகைதான். அதை ஒரேயடியா நிறுத்தாம இடைவெளி விடுங்க. முதல்ல சொல்லோணும், அப்புறம்தான் பாக்கோணும்னு வெச்சுக்குங்க. வீரபத்ராசனம் ரெண்டுல (காலை அகட்டி, முன்மொழங்காலை மடக்கி, கையை ரெண்டு பக்கமும் நீட்டறது) கண்ணை மூடி நின்னு, கை ரெண்டும் தறிப் பாவு மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே இழுப்புல இருக்குதான்னு உணர்ந்து, "பின்கை தாழ்ந்திருக்குது"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அப்புறம் கண்ணைத் தொறந்து பாருங்க. முதல்ல தப்பாத்தான் சொல்வீங்க. சொன்னதும் பாத்ததும் ஒத்துவர ஆரம்பிச்சதும் மூணு தடவைக்கு ஒரு தடவை பாருங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள். கண்ணாடியை விட போன்ல பக்கவாட்டுல இருந்து எடுத்த வீடியோ நல்லது, கண்ணாடியைப் பாக்கக் கழுத்தைத் திருப்பினாலே ஆசனம் மாறிரும்.

மூட்டு ரொம்ப வளையறவங்களுக்கு மட்டும் வேற கணக்கு. சுண்டுவிரல் பின்னால 90 டிகிரிக்கு மேல வளையுதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுதா, முழங்கையும் மொழங்காலும் பின்பக்கம் 10 டிகிரிக்கு மேல போகுதான்னு ரெண்டு பக்கமும் பாருங்க. மொழங்காலை மடக்காமக் குனிஞ்சு உள்ளங்கை முழுசாத் தரையில படுதான்னும் பாருங்க. பக்கத்துக்கு ஒரு மதிப்பெண், கடைசிக்கு ஒண்ணு, ஆக 9. பெரியவங்களுக்கு அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா மூட்டு லூசு. இவங்களுக்கு மூட்டு எங்க இருக்குதுங்கற உணர்வு மந்தமா இருக்கறது வழக்கம். கடைசி எல்லையில போய் மாட்டினாத்தான் ஏதோ தெரியும், அதனால அங்கேயே தொங்குவாங்க. இவங்க பிளாக்கை விடறது சுலபம், பாக்கறவங்களுக்கும் அழகாத் தெரியும், சேதம் உள்ள நடக்கும். இவங்களுக்கு 4 அங்குல பிளாக்கை 9 ஆக்குங்க, மொழங்காலை ஒரு இம்மி மடக்கி நிறுத்துங்க. மத்தவங்க பிராப்பை (பிளாக், பெல்ட் மாதிரித் துணைப்பொருளை) கொறைக்கறப்ப இவங்க கொஞ்ச நாளைக்குக் கூட்டட்டும்.

திருப்பூர்ப் பக்கம் நாள் முழுக்கத் தையல் மெஷின்ல உக்காந்திருக்கறவங்க குழுவுல இருந்தா, இடுப்பு முன்சதை சுருங்கி, மேல்முதுகு முன்னால வளைஞ்சு இருக்கும். அவங்களுக்குச் சவாசனத்துல பொடனிக்கடியில ஒரு மடிப்புப் போர்வை வேணும். அதை எடுத்தா மோவாய் மேல தூக்கிக்கும்.


பவானிக் கூடுதுறை

யோகா விரிப்பையும் (மேட்) பிராப்னே எடுத்துக்குங்க. ஒட்டற ரப்பர் மேட் இருந்தா பாதம் வழுக்காது, அதனால உள்தொடை வேலையே செய்யறதில்ல. மேலே சொன்ன, ரெண்டு பாதத்தையும் ஒண்ணையொண்ணு பாத்து இழுக்கறது, வெறுஞ் சிமெண்டுத் தரையில நின்னா யாரும் சொல்லாமலே வந்துரும்.

ஆனா கால் அகலத்தைக் கொறைச்சுட்டு எறங்குங்க. ரப்பர் மேட்ல 4 அடி அகலம் நிக்கறவங்க தரையில 3 அடியில ஆரம்பிக்கோணும். ஜமுக்காளத்தை டைல்ஸ் மேலயோ வழவழன்னு இருக்கற காவித்தரை மேலயோ போட்டு நிக்கற ஆசனம் பண்ணவே வேண்டாம், துணியோட கால் ஓடினா உள்தொடைச் சதை கிழிஞ்சுரும். ஜமுக்காளம் உக்காரவும் படுக்கவும் நல்லது. மார்கழியில மொட்டை மாடி பனியில ஈரமா இருக்கும், துடைச்சுட்டு நில்லுங்க. அந்த மாசத்துல விடியக்காலம் ஒடம்பும் இறுகித்தான் இருக்கும், போர்வையில ஒரு மடிப்புக் கூட வெச்சுக்கறது பின்னால போறதா ஆகாது.

மேட் இல்லாமப் பண்றப்ப வேர்வை உள்ளங்கையில பட்டு அதோமுக சுவானாசனத்துல (கையையும் காலையும் ஊனி இடுப்பை மேல தூக்கறது) கை வழுக்கும். விரலை அகட்டி, ஆள்காட்டி விரலோட அடிப்பக்கத்துல அழுத்தினா நிக்கும். மணிக்கட்டுப் பக்கம் எடை போனா வழுக்கும்.


ஆனைமலை (பொள்ளாச்சி)

மத்தவங்க சொன்னதோட ஒத்துப் போறேனுங்க, ஆனா ஒரு மறுப்பு இருக்குது. பிராப்பை விடறதை ஒரு மேல்படி மாதிரி வைக்காதீங்க. பி.கே.எஸ். ஐயங்கார் இதுகளைக் கொண்டு வந்ததே, இறுக்கமான உடம்பும் நோய்ப்பட்ட உடம்பும் வயசான உடம்பும் ஆசனத்தோட பலனைப் பெறோணும்னுதான். அவரோட குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில இருந்த காலத்துல, ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தையே மாத்திக் குடுத்தார். மூச்சோட போய் வந்து, மொழங்காலை மடக்கி, அப்படி. ஒரே குருவழியில வந்த ரெண்டு பாதை இது. ஒருத்தர் தரையை உடம்புக்கு ஏத்தினார், இன்னொருத்தர் ஆசனத்தை உடம்புக்கு எறக்கினார். உங்க குழு முதல் பாதையில இருந்து ரெண்டாவதுக்கு வருது, அவ்வளவுதான்.

அந்த ரெண்டாவது பாதையில இருந்து ஒண்ணை எடுத்துக்குங்க. ஆசனத்துல நிக்கறதுக்கு முன்னாடி, மூச்சோட நாலு தடவை போய்ப் போய் வாங்க. திரிகோணாசனத்துல மூச்சை விட்டுட்டே எறங்கோணும், இழுத்துட்டே ஏறோணும். அஞ்சாவது தடவை போய் நில்லுங்க. எறங்கற நேரமும் மூச்சு விடற நேரமும் ஒண்ணா இருக்கோணும். எறங்கி முடியறதுக்குள்ள மூச்சு தீந்தா நீங்க போற ஆழம் உங்களுக்கு அதிகம். மூச்சு மிச்சம் இருக்கறப்பவே உடம்பு நின்னுருச்சுன்னா அவசரப்பட்டிருக்கீங்க. கோடும் வேண்டாம், பக்கத்து ஆளும் வேண்டாம், இது ஒண்ணே போதும்.

எடுக்கவே கூடாததுன்னா, எனக்கு முதல்ல வர்றது சர்வாங்காசனத்துல (தோள்ல நின்னு காலை மேல நிறுத்தறது) தோளுக்கடியில வைக்கற போர்வை. கழுத்து சாதாரணமா முன்னால வளையறது 50 டிகிரியைச் சுத்தித்தான். உடம்பைச் செங்குத்தா நிறுத்தினா 90க்குப் பக்கம் கேக்கும். அந்த வித்தியாசத்தைப் போர்வை வாங்கிக்குது. தோள் போர்வை மேல, பொடனி விளிம்புக்கு வெளியே, தலை தரையில. போர்வை வேண்டாம்னா ஆசனத்தை மாத்துங்க. இடுப்பைக் கையில தாங்கி, உடம்பைச் சாய்வா வைக்கற விபரீதகரணி பண்ணுங்க, எடை தோள்லயும் முழங்கையிலயும் நிக்கும். போர்வையும் இல்லாம, உடம்பும் செங்குத்தாங்கறது மட்டும் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குத் திண்டு, எலும்பு தேய்மானம் இருக்கறவங்களுக்கு நாற்காலி, இதெல்லாமும் அப்படியே இருக்கட்டும். எலும்பு மெலிஞ்சவங்க முதுகை வளைச்சுக் குனியறதையே விடோணும்.

பொருள் எதுவும் இல்லாமக் கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கறது நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல. ஆழியாறு அறிவுத் திருக்கோயில் வழியா, வேதாத்திரி மகரிசியோட எளியமுறை உடற்பயிற்சி ஊருக்கு ஊர் மனவளக்கலை மன்றங்கள்ல நடக்குது. விரிப்பு ஒண்ணைத் தவிர அதுக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க குழு ஆசனத்துக்கு முன்னாடி அந்தக் கைப்பயிற்சி, கால்பயிற்சியைக் கண்ணை மூடிப் பண்ணிப் பாக்கலாமுங்க.


கீழ்பவானி (கோபி)

நொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எடை மெஷின்ல பாக்கறது எங்களுக்குத் தோணவே இல்ல. சிரசாசனத்தைக் கேக்க விட்டுட்டேன். சுவத்தோரம் எல்லாரும் நிக்கறாங்க, குதிகால் சுவத்துல பட்டுட்டே இருக்குது. அதை விடறது எப்படிங்க?


நொய்யல்கரை (கோவை)

முதல்ல யாரெல்லாம் அதுல இருக்கோணும்னு பாத்துருங்க. கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, கட்டுக்குள்ள இல்லாத ரத்த அழுத்தம், கழுத்துத் தட்டு பிரச்சினை இருக்கறவங்க சுவத்தோரமும் வேண்டாம். சிரசாசனத்துல கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகறதை அளந்தே பாத்திருக்காங்க.

குதிகால் சுவத்துல படறவங்க பெரும்பாலும் கையைச் சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வெச்சிருப்பாங்க. உடம்பு வாழைப்பழமா வளைஞ்சு சுவத்துல சாயும், பாரம் குறுக்குல எறங்கும். கோத்த விரல் முட்டி சுவத்துல இருந்து 2 அங்குலம் இருக்கட்டும். அப்ப உடம்பு நேரா நின்னாத்தான் எடமே இருக்கும்.

சுவத்தை விடறதுக்கு முன்னாடி மூணு விசயம் வந்திருக்கோணும். ஒண்ணு, முன்கை எடை வாங்கோணும். மேல நிக்கறப்ப முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் அழுத்தி, உச்சந்தலைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு தாள் நுழையற அளவுக்குப் பாரம் லேசாகுதான்னு பாருங்க. பொடனி இறுகி, தோள் காதுப்பக்கம் எறங்கிச்சுன்னா இன்னும் நேரம் இருக்குது. ரெண்டு, மொழங்காலை மடக்கி நெஞ்சுக்குப் பக்கம் வெச்சு, பாதி வழியில அஞ்சு மூச்சு நிக்க வரோணும். ஒதைச்சு மேல போறவங்க இந்தப் பாதி வழியைத் தாண்டித்தான் போறாங்க, அங்க நிக்கறதில்ல. மூணு, எறங்கறதுக்குப் பத்து எண்ணற நேரம் எடுக்கோணும். காலைத் தொப்புன்னு போடறவங்க சுவத்தை விடவே கூடாது.

இது மூணும் வந்தாச்சுன்னா, சுவத்தோரமே ஒரு குதிகாலை எடுங்க, அப்புறம் மத்ததை, ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அப்புறம் முட்டியை ஒரு சாண் தள்ளி வைங்க. அதுக்கப்புறம்தான் நடு எடம்.

பயம் போகாததுக்குக் காரணம், விழறது எப்படின்னு பழகாததுதாங்க. நடு எடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு போர்வையை விரிச்சு, உக்காந்த நெலையில இருந்து முதுகை உருட்டிப் பின்னால போய்ப் பழகுங்க. மேல இருந்து முதுகுப் பக்கம் சாய ஆரம்பிச்சா கோத்த விரலை உடனே விட்டுரோணும், மோவாயை நெஞ்சுக்குக் கொண்டுவரோணும், மொழங்காலை மடக்கி உருண்டுரோணும். விரல் கோத்தபடியே முதுகை நேரா வெச்சுட்டு விழுந்தா கழுத்துல அடி. மாடியில கைப்பிடிச் சுவர்ப்பக்கம் வேண்டாம், பின்னால ஆறடி வெத்தெடம் இருக்கோணும்.


காளிங்கராயன் (ஈரோடு)

ஒண்ணு சேத்துக்கறேன். பிராப்பைக் கொறைக்கற காலத்துல உக்காரும் எலும்புல, தொடைப் பின்சதை வந்து ஒட்டற எடத்துல, வலி வந்தா கவனியுங்க. சதை நடுவுல இழுக்கறது வேற, எலும்போட ஒட்டற எடத்துல விரல் வெச்சுக் காட்டற மாதிரி வலிக்கறது வேற. ரெண்டாவது தசைநாண் சேதம். கெட்டி நாற்காலியில உக்காந்தா கூடும், காரோ பைக்கோ ஓட்டினா கூடும், குனிஞ்சா கூடும். எடை தாங்கிட்டிருந்த பிளாக்கைத் திடீர்னு எடுத்துட்டு, உடம்பு முழுக்க அந்தத் தசைநாண்ல தொங்கறப்ப இது வர்றது வழக்கம்.

வந்தா இன்னும் நீட்டி விடலாம்னு பாக்காதீங்க, நீட்ட நீட்ட ஆறாது. முன்னால குனியற உத்தானாசனம், பச்சிமோத்தானாசனம் ரெண்டையும் நிறுத்திருங்க. திரிகோணாசனத்துல 9 அங்குல பிளாக்கைத் திரும்ப வெச்சு, முன்மொழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க. சேதுபந்தாசனத்துல மல்லாந்து படுத்து, குதிகாலை ஊனி, இடுப்பைத் தூக்கி 20, 30 வினாடி, நாலஞ்சு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி அடுத்த நாள் காலைல முந்தின நாளை விடக் கூடியிருந்தா வினாடியைப் பாதியாக்குங்க. 6 வாரத்துல கொறையலீன்னா எலும்பு டாக்டர்கிட்டக் காட்டிருங்க.